ஒரு கை தொட்ட சுவர்

இல்லீங்கய்யா, நாக்காலி வேணாம். நின்னுகினே சொல்லிட்டுப் போயிடறேன். சண்டைக்கு வரல. என் பேரு அமீனா பீ. கச்சேரி ரோட்லேர்ந்து நடந்து வந்தேன். போன ஞாயித்துக்கெழம கடற்கரைக் கொளத்துல, மூணு நீச்சல் போட்டியில, ஒருத்தன் தொட்டது தப்புன்னு நீங்க கையத் தூக்குனீங்களே, அந்த ஹபீபோட அம்மா.

அவனேதாங்க. மொதல்ல வந்தும் பேரு இல்லாம போனவன்.

நீங்க பண்ணது சரிதான். சட்டம் எனக்கும் தெரியும். சிரிக்காதீங்க, மூணாங்கிளாசோட நின்னவதான். ஆனா தெனமும் சமையக்கட்டுல பலகை மேல குப்புறப் படுத்துக்கினு தவளையாட்டம் கால ஒதப்பான். ரெண்டு காலும் ஒண்ணா போவுதா பாரும்மான்னுவான். கத்திரிக்கோலாட்டம் ஒண்ணு முந்திச்சின்னா நான் சொல்லணும். ஒரு நாளு ரசச் சட்டியவே ஒதைச்சுத் தள்ளிட்டான். மல்லாக்க நீஞ்சறது மொதல்ல. சொவத்தத் தொடாம பொரளக் கூடாது. அப்புறம் நெஞ்சு நீச்சல், அதுல ரெண்டு கையும் ஒண்ணா தொடணும். கடைசியில எப்டி வேணா அடிக்கலாம். சரிதானுங்களே?

அன்னிக்கும் வந்திருந்தேன். ஆம்பளைங்க கூட்டம், உள்ள வரல. சொவத்துக்கு வெளிய மணல்ல ஒக்காந்து ஓதிகினு இருந்தேன். மைக்குல அவன் பேரச் சொன்னாங்க. அல்லாவுக்கு நன்றின்னு நெனைக்கறதுக்குள்ள இல்லன்னுட்டாங்க. ஓதினத நிறுத்தல. பாதியில விடக்கூடாதில்ல.

வர ஞாயித்துக்கெழம நீஞ்ச வெச்சு, கல்கத்தா போட்டிக்கு ஆள் பொறுக்கறீங்களாமே. நீங்க கையெழுத்து போட்டா அவனும் நீஞ்சலாமாம். அதுக்குத்தான் வந்தேன். இத விட்டா அடுத்த வருசம்தானாம். அவன் தண்ணிப் பக்கமே போவ மாட்டேங்கறான். தெருவுல பசங்க, இன்னாடா ஒத்தக் கை, வூட்ல ஒரு கைய வெச்சுட்டு வந்துட்டியான்றாங்க. கேட்டுகினு சும்மா போறான்.

அவனே வந்து காரணம் சொல்லணுங்கறீங்களா? வர மாட்டானுங்கய்யா. அன்னிக்கு நீங்க கேட்டப்பவே வாயத் தொறக்கலியே. என்னை இழுக்க வேண்டி வருமேன்னுதான் சொல்லல.

எடது கையில நான் கட்டுன தாயத்து இருந்துச்சி. தண்ணில எறங்குனாலும் கழட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். கயிறு ஊறிப் போயி, சொவத்துக்கிட்ட வர்றப்ப முடிச்சு அவுந்துகிச்சி. எடது கை அதப் புடிக்கப் போச்சி. வலது கை மட்டும் சொவத்தத் தொட்டுச்சி. அவ்ளோதாங்க.

ஆமா, போனா போவுதுன்னு விட்டிருக்கலாம். வேற தாயத்தா இருந்தா விட்டிருப்பான். இது அவன் அண்ணன் கட்டிகினு இருந்தது. மூத்தவன், நூர் முஹம்மது. சொதந்திரம் வந்த வருசம் சாந்தோம் கடல்ல குளிக்கப் போனான். நீச்சல் தெரியாது. மூணாம் நாளு கரையில கெடச்சான். மய்யத்தக் குளிப்பாட்டறதுக்கு முன்ன இத அவுத்து என்னாண்ட குடுத்தாங்க. எங்க வெக்கிறதுன்னு தெரியல. சின்னவன் பக்கத்துல நின்னுகினு இருந்தான். அவன் கையில கட்டிட்டேன்.