பன்னிரண்டுக்குப் பதினொன்று

அண்ணி: விரிப்போட முனையை நல்லா இழுத்துப் பிடி. கோணலா மடிச்சா ஆஸ்பத்திரிக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க.

நாத்தனார்: இழுத்துத்தானே பிடிச்சிருக்கேன்! அண்ணி... நிஜமாவே இனிமே வாரத்துக்கு நாலு நாள்தான் வேலையா?

அண்ணி: மத்தியானம் ஓட்டுச் சீட்டு எண்ணினப்ப நீயும் பக்கத்துலதானே நின்னே? பன்னண்டுக்குப் பதினொண்ணு. யாரையும் அனுப்பறதில்ல, எல்லாருக்கும் நாலு நாள்.

நாத்தனார்: பழைய முதலாளி இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிருப்பாரு. ‘நீ, நீ, நீ... நாளையிலேர்ந்து வராதே!’ நாம பாருங்க, மூணு வாரமா கூட்டம் போட்டுத் தொண்டை கட்டிப்போச்சு.

அண்ணி: அந்த மகராசன்தானே சொல்லாம கொள்ளாம கதவைப் பூட்டிட்டுப் போனாரு? அப்புறம் இந்தச் சலவை மெஷினை எல்லாம் ஓட்டினது யாரு?

நாத்தனார்: நாமதான். இருபத்து மூணு பேரும் முதலாளி! சொல்லிக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போனதும்...

அண்ணி: ஆடிப்போயிட்டோம். ஒத்துக்கறேன். அடுத்த விரிப்பை எடு.

நாத்தனார்: ஆளை அனுப்பறதுன்னு முடிவாகியிருந்தா... யாரு அந்த மூணு பேரு? தலைவி நீங்கதானே பட்டியல் எழுதி உறையில போட்டு ஒட்டினீங்க?

அண்ணி: பிரிக்காமலே கிழிச்சுப் போட்டாச்சு.

நாத்தனார்: இஸ்திரி போடற அக்காவா?

அண்ணி: பேசாம மடி.

நாத்தனார்: பாய்லர்காரரா? இடுப்பு வலின்னு பாதி நேரம் உட்கார்ந்தே...

அண்ணி: அவரை அனுப்பினா அந்த வீட்ல யாரு சம்பாதிக்கிறது? ...ஏய், ஏன் மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?

நாத்தனார்: ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே...

அண்ணி: சொல்லு.

நாத்தனார்: கூட்டத்துல ‘ஒருத்தரையும் விட மாட்டோம்’னு அப்படிக் கத்தினேனே... சீட்டுல அப்படிப் போடல. மூணு பேரை அனுப்பலாம்னுதான் போட்டேன்.

அண்ணி: முனையை விட்டுட்டே பாரு. பிடி.

நாத்தனார்: பயந்துட்டேன் அண்ணி. நாலு நாள் சம்பளத்துல எப்படி ஓட்டறதுன்னு... அதுவும் பட்டியல் எழுதறது எங்க அண்ணி, என் பேரு எங்கே வரப்போகுதுன்னு ஒரு தைரியம்.

அண்ணி: அடுத்ததை எடு.

நாத்தனார்: நாலு திட்டாவது திட்டுங்களேன்!

அண்ணி: இன்னொரு சம்பளம் வர்ற வீடாப் பார்த்துத்தான் எழுதினேன், கண்ணு. முதல் பேரு என்னுது. ரெண்டாவது... உன்னுது.