ஸ்கொட்லாந்து மாப்பிள்ளைக்கு ஒரு வாழ்த்துப்பா

"என்ரை கவிதைக்கு ஸ்கொட்லாந்திலை தனிச் சொல்லே இருக்குதாம்!"

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் மனைவியிடம் சொன்னார். தன் தங்கை மகளின் கலியாணத்தில் வாசிக்க, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா ஒன்று அவர் மடியில் இருந்தது.

"ஆர் சொன்னது?"

"மாப்பிள்ளைதான். அவரின்ரை ஊர்ப் பழஞ்சொல்லாம். 'ரேன்' எண்டால் பாட்டு."

"பாட்டு மட்டுமோ?"

"முந்தி, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறதுக்கும் அதுதானாம் பேர்."

"பொருத்தம்தான். எல்லாக் கலியாணத்திலையும் பேரை மட்டும் மாத்தி இதைத்தானே வாசிக்கிறியள்."

"சனம் கைதட்டுதுதானே?"

"சாப்பாடு வரப்போகுதெண்டு தட்டுதுகள். தாங்கோ பாப்பம்." மனைவி வாங்கி வாசித்தார், கடைசி வரியில் நின்றார். "இஞ்சருங்கோ, போன மாசத்து மாப்பிள்ளையின்ரை பேரெல்லோ கிடக்குது!"

அவர் எட்டிப் பார்த்தார். "மாத்தி வாசிக்கிறன். இவருக்குத் தமிழ் தெரியாதுதானே."

"இப்ப படிக்கிறார். இதைச் சுவரிலை மாட்டி, எழுத்துக்கூட்டி வாசிக்கப்போறாராம்."

அவர் சட்டத்தைக் கவிழ்த்து, வீட்டுச் சாவியால் பின்பக்க ஆணிகளை நெம்பத் தொடங்கினார். மனைவி சிரித்துக்கொண்டே பேனையை நீட்டினார்.

"பேரை வெட்டாதேங்கோ. புதுசாவே ஒண்டு எழுதுங்கோ. இன்னும் மூண்டு ஸ்டேஷன் கிடக்கு."