நான் எண்ணாமல் விட்டவர்கள்

விசில் ஊதுகிறேன். மூன்று நீண்ட ஊதல். தெற்கே கடலுக்கு மேல் இரைச்சல். காலை பத்து மணி தாண்டிச் சில நிமிடம். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு கிழமை ஆகவில்லை.

"பதுங்கு கிடங்குக்குள்ள இறங்குங்கோ! குனிஞ்சு இருங்கோ!"

கத்துவது நான். ஊர்காவற்றுறைத் தீவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். யுத்தம் வந்தபின் ஊருக்கு விமானத் தாக்குதல் காவலனும் நானே. ஏழு வயது மகள் பூமணியை அணைத்துக்கொண்டு குதிக்கிறேன். பின்னால் ஆட்கள் குதிக்கிறார்கள். யாரோ ஒருவரின் முழங்கால் முதுகில் இடிக்கிறது. மண் சரிகிறது.

அவர்களும் குதித்தார்கள்.

அவர்கள் என்று நான் எழுதுவது கடற்கரை ஓலைக் கொட்டில்களில் குடியிருந்தவர்களை. எங்கள் கிணற்றில் அவர்கள் வாளி போட நாங்கள் விடுவதில்லை. எங்களில் ஒருவர் அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு நிற்பார்கள். அந்தப் பதுங்கு கிடங்கை நான்கு நாள் நின்று வெட்டியவர்களும் அவர்களே.

"ஆரடா உங்களை இறங்கச் சொன்னது?" என் மனைவியின் தமையன் கேட்டார்.

"நாங்கள் வெட்டின கிடங்கு, நயினார். அதுக்கு எங்களை அடையாளம் தெரியும்" என்றார் கிழவர் கந்தன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். தமையன் சிரிக்கவில்லை.

இரைச்சல் தலைக்கு மேல் வந்தது. பூமணிக்கு மூச்சு அடைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. மூலையில் தண்ணீர்ப் பானை. அதன் பக்கத்தில் கந்தனின் மகள் செல்லி, கைக்குழந்தையோடு.

"ஐயா, பிள்ளைக்குத் தண்ணி குடுக்கட்டோ?"

தலையாட்டினேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. தலையாட்டினேன். செல்லி தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுத்தாள். பூமணி குடித்தாள். மூச்சு திரும்பியது.

விமானம் போனது. எங்கள் அரசாங்கத்து விமானம்தான்.

மேலே ஏறியதும், அவர்கள் கை பட்டுவிட்டதென்று தமையன் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்தார். ஆண்கள் கூடினார்கள். பானையைத் தொட்டது ஆர் என்று தமையன் பூமணியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீர் சொல்லும், வாத்தியார்."

சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். சொல்லாவிட்டால் எங்கள் வீட்டையும் விலக்கி வைப்பார்கள். நாளைக்குப் பூமணிக்கு ஒரு கலியாணம் பேச ஏலாது. அப்படித்தான் என் பயம் ஓடியது.

"செல்லி" என்றேன். நான் தலையாட்டியதைச் சொல்லவில்லை.

பின்னேரம் நாலு மணி. எங்கள் ஆண்கள் பந்தங்களோடு கடற்கரைக்குப் போனார்கள். காய்ந்த ஓலை பற்றும் சத்தம். தடிகள் வெடிக்கும் சத்தம்.

"ஓடுங்கோ! பிள்ளையளைத் தூக்குங்கோ!"

இந்த முறை கத்தியது செல்லி. கடலில் இறங்கினார்கள். மார்பளவு தண்ணீரில் மண்டைதீவுப் பக்கமாகப் போனார்கள். விசில் என் கழுத்தில் கிடந்தது. நான் ஊதவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் ஊரார் பல காரணம் சொன்னார்கள். அரிசித் தட்டுப்பாடு. வெயில். யுத்தப் பயம். பானை. நான் அறிந்த காரணம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. கிடங்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்க்க வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணியவன் நான். எண்பத்தாறு பேர் என்று எழுதினேன். கொட்டில்களுக்குப் போகவில்லை. வேண்டுமென்று விடவில்லை. அவர்களின் நினைவே வரவில்லை. ஒரு வன்மமும் இல்லாமல்தான் விட்டேன். அதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

பூமணிக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் கேட்கும் முன் எழுதிவிட வேண்டும்.

இப்போது எண்ணுகிறேன். எரிந்த கொட்டில்கள் ஒன்பது. ஊரை விட்டுப் போய்த் திரும்பி வராதவர்கள் நாற்பத்தொருவர். என் வகுப்பில் நிலத்தில் இருந்து படித்த பிள்ளைகள் ஐவர் அதற்குள் அடக்கம். வலையை எடுக்க உள்ளே ஓடிய கந்தன், வெளியே வரவில்லை. கடலில் செல்லியின் தோளிலிருந்து நழுவிய குழந்தை ஒன்று. அதன் பெயரை நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்து இழப்பு ஒரு மண்பானை. அதையும் நாங்களே உடைத்தோம்.