ஒற்றை மணி

மதியம் பன்னிரண்டு மணி. தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. பெருங்களத்தூரில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், பீர்க்கன்கரணைப் பக்கம் ஏரியை ஒட்டி ஒரு மண் சாலை போகும். அப்போது அங்கே வீடு கிடையாது. டீக்கடை கிடையாது. ஒரு பக்கம் கருவேல முள், மறுபக்கம் தண்ணீர். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை...

பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது, கண்ணுகளா? உச்சி வேளை அதைவிடப் பொல்லாதது. நம் நிழலே பயந்துபோய்க் காலுக்கடியில் ஒளிந்துகொள்கிற நேரம் அது. கிட்ட வாங்க. கரண்டு இப்போதைக்கு வராது. பயமாக இருந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளலாம், யாரும் யாரையும் கிள்ளக் கூடாது.

இது என் சிநேகிதி ஷம்சாத்தின் தங்கை பரிதா கண்ணால் பார்த்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பரிதா அப்போது பொழிச்சலூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அன்று பஸ்ஸில் வந்து பெரிய ரோட்டில் இறங்கி, அந்த மண் சாலையில் குழந்தைகளை ஜோடி ஜோடியாகக் கை கோக்க வைத்து நடத்திக்கொண்டு போனாள். வரிசைக்குக் கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயா ஞானம்மாள், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு.

எங்கே போனார்கள்? ஜெயவேலு முதலாளியின் வண்டிக் காட்சிசாலைக்கு.

ஜெயவேலு அந்த ஊரில் பரம்பரையாய்ப் பயிர் வைத்த குடும்பம். நிலத்தில் பாதியை விற்று பஸ் விட்டார். பிறகு பஸ்ஸை நிறுத்திவிட்டு மீதி நிலத்தை மனை போட்டார். சொத்து சேர்ந்தது. அடுத்து நல்ல பேர் வேண்டுமே? ஏரிக்கரைத் தோப்பில் தகரக் கொட்டகை போட்டு, எங்கெங்கோ கிடந்த பழைய வண்டிகளை வாங்கி நிறுத்தினார். கை ரிக்‌ஷா, ஜட்கா, யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ், மூக்கு நீண்ட லாரி. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுவார். வாசலில் துணிப் பேனர் தொங்கும். 'குழந்தைகளே வருக! தொட்டுப் பாருங்கள்! ஏறிப் பாருங்கள்!' வருகிற பிள்ளைக்கெல்லாம் ஒரு பன்னும் ஒரு டம்ளர் ஆரஞ்சுக் கலரும்.

குழந்தைகளுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. ஜட்காவில் ஏறி இல்லாத குதிரையை அதட்டினார்கள். ரப்பர் ஹாரனை ஆளுக்கு ஒரு தரம் அழுத்திவிட்டு, வரிசையில் மறுபடி கடைசியாகப் போய் நின்றார்கள். தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்த பெரிய பையன்கள் சிலர் லாரியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இது எந்த வருஷத்து மாடல் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். பார்க்கவே ஆசையாக இருந்தது என்றாள் பரிதா.

கொட்டகையின் கோடியில் ஒரு பஸ். மஞ்சளும் பச்சையுமாகப் புதுப் பெயிண்ட், வாழைக் கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு. இன்ஜினைக் கழற்றியாகிவிட்டது. சக்கரமும் கிடையாது. நான்கு மூலையிலும் கருங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள்.

ஞானம்மாள் அதைப் பார்த்ததும் குடத்தைக் கீழே இறக்கினாள். பின் படிக்கட்டின் ஓரம் உள்பக்கமாக நசுங்கியிருந்தது. பெயிண்ட் அடித்தாலும் நசுங்கல் நசுங்கல்தானே. அதைக் கையால் தடவினாள்.

"இன்னா ஆயாம்மா?" என்றாள் பரிதா.

"இதுல குந்திதான் டீச்சர் எங்க வூட்டுக்காரு தெனம் சாப்புடுவாரு. நான் தூக்குல எடுத்துகினு வருவேன்."

ஞானம்மாளின் புருஷன் சாலமோன் அந்த பஸ்ஸில் கண்டக்டர். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, காதில் பென்சில். சின்னப் பிள்ளைகளைப் படியில் அவர்களாக இறங்க விடமாட்டார். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கடைசிப் பிள்ளையின் கால் தரையில் பட்ட பிறகுதான் மணிக்கயிற்றைத் தொடுவார். எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் ஏரி நிரம்பி இதே சாலையில் தண்ணீர் புரண்டு ஓடியது. அன்று டிரைவர் வரவில்லை. ஜெயவேலுவே வண்டியை எடுத்தார். பஸ் நிறையப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ரோட்டைத் தாண்டிய வெள்ளத்தில் இறக்கினார்... வண்டி சாய்ந்தது. சாலமோன் பின் படியில் நின்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாராம். சிலதை முடியவில்லை. அவரும் வரவில்லை. முதலாளி நீந்திக் கரையேறினார்.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "நான் நிறுத்துனேன். கண்டக்டர் ரெண்டு மணி குடுத்தான், போலாம்னு. அதனால எடுத்தேன்."

செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறாரா? பழி அவர் தலையில். பிள்ளையைப் பறிகொடுத்த கிளியம்மாள் என்பவள் ஞானம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். குழாயடியில் ஞானம்மாளின் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பிள்ளைகளைக் கொன்றவன் பெண்டாட்டி! அந்தப் பேரோடு அங்கே இருக்க முடியாமல்தான் அவள் பொழிச்சலூருக்கு வந்து, ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது நஷ்ட ஈடு இல்லை. ஜெயவேலு நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. பிள்ளைகள் செத்த வண்டிக்குப் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, அதிலேயே பிள்ளைகளை ஏற்றுகிறான் பாருங்கள். என்ன நெஞ்சு!

பரிதாவுக்கு இந்தக் கதையெல்லாம் அப்போது தெரியாது. அவள் கேட்பதற்குள் குழந்தைகள் திமுதிமுவென்று ஏறிவிட்டார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரைவர் சீட்டில் ஜெயவேலு. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ரோஜா.

"குந்துங்க குட்டிங்களா! நான்தான் டிரைவரு. யாரு கண்டக்டர் ஆவறது? மேல தொங்குது பாரு கயிறு. ஒரு தபா இஸ்தா வண்டி நிக்கணும். ரெண்டு தபா இஸ்தா போவணும். எங்க, போவச் சொல்லு பாக்கலாம்!"

சாமுண்டீஸ்வரி என்று ஒரு வாண்டு. சீட்டின் மேல் ஏறி நின்று கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள்.

டிங்.

"இன்னா பாப்பா, பன்னு துன்னலியா நீ? ரெண்டு இஸ்க்கச் சொன்னேன்ல?"

"ரெண்டு தபாதான் தாத்தா இஸ்தேன்!"

தாம்பரத்துப் பையன் ஒருவன் ஏறி வந்தான். "தள்ளு, நான் காட்றேன்." பலமாக இழுத்தான். இரண்டு தரம். பரிதா எண்ணிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டிங்.

ஒன்றுதான். சத்தம்கூடப் புதுமணிச் சத்தமாக இல்லையாம். தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி... அமுங்கி...

ஜெயவேலு சிரித்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது அல்லவா, குரலை உயர்த்தினார். "இந்த வண்டிக்கே எண்ணிக்கை ஆவாது போல! முன்ன இதுல ஒரு கண்டக்டர் இருந்தான். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத பய. வெள்ளத்துல ரெண்டு மணி அடிச்சி வண்டிய ஏரிக்குள்ள எறக்குனான்!"

நாலு பேர் சிரித்தார்கள்.

பின் படியில் நின்ற ஞானம்மாள் சிரிக்கவில்லை. "முதலாளி," என்றாள்.

"யாரது?"

"சாலமோன் பொண்டாட்டி."

ஒரு கணம் அவர் முகம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டார். "அட, ஞானமா! இன்னும் கீறியா நீ? சரி சரி... பன்னு வாங்கிக்கினியா?"

பன்னு வாங்கிக்கினியா! கேட்டானே...

டிங்.

இந்தத் தடவை கயிற்றில் யார் கையும் இல்லை. கயிறு தானாக விறைத்து, தளர்ந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பாசி வாடை. சேற்று வாடை. அதற்கு நடுவே, வெயிலில் காய்ந்த கஞ்சித் துணியின் வாடை.

ஞானம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அவள் குரல் சட்டென்று மாறிவிட்டது என்றாள் பரிதா. தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, "ஒத்த மணி அடிச்சாச்சு. எல்லாம் எறங்குங்க கண்ணு. ஓடாம, ஒவ்வொருத்தரா," என்றாள்.

பரிதா கீழே நின்று ஒவ்வொரு குழந்தையாக வாங்கி விட்டாள். அப்போதுதான் கவனித்தாள். படியில் இறங்குகிற ஒவ்வொன்றும் இடது கையை மேலே தூக்கியபடி இறங்குகிறது. யாரோ பிடித்து இறக்குகிற மாதிரி. இறங்கிய ஒவ்வொன்றின் சட்டைக்கையும் நனைந்திருக்கிறது. கடைசியாகச் சாமுண்டீஸ்வரி. அவள் தரையில் நின்றதும் மேலே பார்த்து, "டாட்டா," என்றாள். படியில் ஒருவரும் இல்லை.

"இன்னா நாடகம் கட்டுறியா?" என்று கத்தினார் ஜெயவேலு. "எவன் எறங்கனா எனக்கின்னா? என் வண்டி! நான் எறங்க மாட்டேன், போ! உன் புருஷனையே வரச் சொல்..."

பேச்சு நின்றது. அவர் தன் காலைப் பார்த்தார்.

வெளியில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் கருங்கல்லின் மேல் அப்படியே நிற்கிறது. தரை காய்ந்து கிடக்கிறது. ஆனால் அவருடைய வேட்டி... முதலில் கரை நனைந்தது. பிறகு முழங்கால். ஈரம் மேலே ஏறுகிறது, சிறிது சிறிதாக, ஒரே கோடாக. டிரைவர் பக்கத்துக் கதவை உலுக்கினார். வரவில்லை. நாலு ஆம்பிளைகள் வெளியிலிருந்து பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை.

டிங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு டிங். நில். நில். நில்.

ஞானம்மாள் நடந்து போய் டிரைவர் ஜன்னலுக்கு நேராக நின்றாள். அவள் அழவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை. அதுவரை முதலாளி என்று கூப்பிட்ட வாய், அன்று வேறு மாதிரி கூப்பிட்டது.

"யோவ். அன்னிக்கி எத்தினி மணி அடிச்சாரு?"

"ஞானம்... கதவத் தொற..."

"எத்தினி மணிய்யா அடிச்சாரு?"

ஈரம் மார்புக்கு ஏறிவிட்டது. ரோஜா மிதந்ததாம், கண்ணுகளா. தண்ணீரே இல்லாத இடத்தில், சட்டையை விட்டு எழும்பி, அவர் மோவாய்க்குக் கீழே மிதந்ததாம்.

"ஒண்ணு!" என்று அலறினார். "ஒத்த மணிதான்! நிறுத்து நிறுத்துன்னு அடிச்சிகினே இருந்தான்! நான்தான் நிறுத்தல! நான்தான்!"

கூட்டம் மொத்தமும் கேட்டது. பன்னைக் கடித்த வாயோடு நின்ற பிள்ளைகூடக் கேட்டது.

பிறகு... அமைதி. விட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பரிதாவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆளில்லாத பஸ்ஸுக்குள் கயிறு விறைத்தது.

டிங். டிங்.

இரண்டு. போகலாம்.

பஸ் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் ஜெயவேலுவின் இரண்டு கையும் ஸ்டீரிங்கைப் பிடித்து ஒடித்துத் திருப்பின. உடம்பு முன்னால் குலுங்கியது. வலது கால் தரையில் இறங்கி இறங்கி மிதித்தது. "பிரேக் புடிக்கல! பிரேக் புடிக்கல!" அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நீர்க்குமிழி வெடிக்கிற சத்தம்தான் வந்தது...

கதவு தானாகத் திறந்தபோது உயிர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

அந்த வாரமே சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு சாயங்காலம் கிளியம்மாள் பொழிச்சலூருக்கு வந்தாள். முன்பு மண் தூற்றியவள்தான். ஞானம்மாளின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். ஞானம்மாள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பங்குனியில் ஜெயவேலுவின் சம்சாரம் ஆள் அனுப்பினாள். 'ஒரு தடவை வந்து மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க.' துணைக்குப் பரிதாவும் போனாள். பட்டப்பகல்தான். கூடத்தில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கண் எதையும் பார்க்கவில்லை. வலது கால் மட்டும் மொசைக் தரையை மிதித்தது, எடுத்தது, மறுபடி மிதித்தது. காலுக்குக் கீழே ஈரம். "எத்தனை தரம் தொடச்சாலும் ஊறுதும்மா," என்று அந்தம்மாள் அழுதாள். மணிச் சத்தம் கேட்டால் தாங்கமாட்டார் என்று வாசல் மணியைக் கழற்றிவிட்டார்களாம். பூஜை மணியையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம்.

ஞானம்மாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு இளகிவிட்டது என்று பரிதா நினைத்தாள்.

குனிந்து அவர் காதருகே ஞானம்மாள் சொன்னது இவ்வளவுதான்.

"இப்பதான் பிரேக்க மிதிக்கிறியா?"

திரும்பி நடந்தாள். பரிதா பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் இன்னும் கேட்டைத் தாண்டியிருக்கவில்லை...

மணியே இல்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

டிங். டிங்.