இலைக்கு அடியில

இல்லைங்க டீச்சர், மேலாப்புல பாத்தா தெரியாது. இலையத் திருப்புங்க. அடியில தவிடு தூவுன மாதிரி ஏதாச்சும் இருக்கா? இல்லையில்ல, அப்ப நல்ல செடிதான். சந்தேகமா இருந்தா வெள்ளத் தாள அடியில பிடிச்சுக்கிட்டு இலையத் தட்டுங்க. தாள்ல விழுந்த தூசி நடக்க ஆரம்பிச்சா அது தூசி இல்ல, இலைச் சாறக் குடிக்கிற செம்பேன்.

லைட்டு, தட்டு, நான் புதுசா வாங்கி வச்ச இந்த இருபது செடி, எல்லாம் உங்களுக்குத்தான். ஆனா பேனப் பத்திச் சொல்லாம அனுப்ப மனசு வரலைங்க. மூடுன ரூம்புல ஸ்ட்ராபெர்ரி போடணும்னு ஆசப்படுறீங்க. அங்க மழ கெடையாது, காத்து கெடையாது. சூடும் வறட்சியுமா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். பத்து நாள்ல ஒண்ணு நூறாயிரும். அதனால இலையோட அடிப்பக்கம் தண்ணி பீச்சிக் கழுவணும். சோப்புத் தண்ணியும் அடிக்கலாம். ஒரு தடவ அடிச்சுட்டு விட்டுறக் கூடாது, முட்ட பொரிஞ்சுக்கிட்டே இருக்கும். நாலு நாளைக்கு ஒருக்கா அடிங்க.

நானா? நான் எங்க படிச்சேன். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். இந்த லைட்டு, தட்டெல்லாம் போட்டது என் தம்பி, மஹ்ரெஸ். அம்மா போறப்ப அவனுக்கு நாலு வயசு. எனக்குப் புள்ள இல்ல, அதனால தம்பியும் அவன்தான், புள்ளையும் அவன்தான். ஜெர்பா தீவுல ஒரு ஓட்டல்ல தோட்ட வேல பாத்தான். ஓட்டல மூடிட்டாங்க, இங்க ஜர்ஸீஸுக்கே வந்துட்டான். அக்கா, கீழ் ரூம்பு சும்மாதான கெடக்கு, ஸ்ட்ராபெர்ரி போடுவோம்னான். வெயிலே படாம பழமாடா, பொண்ணே பாக்காம புள்ள கேப்ப போலன்னு சிரிச்சேன். அவன் பாட்டுக்கு வயரு இழுத்தான், தட்டு அடிச்சான். நானூறு செடி. மொதப் பழம் செவந்தப்ப காப்பி சாசர்ல வச்சு மூடி எடுத்துட்டு வந்தான். கண்ண மூடு, வாயத் தெறன்னான். நாப்பது வயசுப் பொம்பளைய.

இனிப்புத்தான். ஆமாங்க.

மார்ச்சுல இலையெல்லாம் வெளுத்துச்சு. ஊசியால குத்துன மாதிரி மஞ்சப் புள்ளி. தண்ணி பத்தலன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா நுனியெல்லாம் நூலாம்படை. கடைக்காரன் ஒரு மருந்து குடுத்தான், அடிச்சேன். போகல. அதையே ரெட்டிப்பாக் கலந்து அடிச்சேன். அதுதான் நான் செஞ்ச மடத்தனம். அந்த மருந்துல சாகாததெல்லாம் பெத்துப் பெருகிருச்சு. ஒரே மருந்த திருப்பித் திருப்பி அடிக்காதீங்க டீச்சர். இந்தப் பேனையே திங்குற வேற பேனு பொட்டலத்துல விக்கிறாங்க, அத வாங்கித் தொங்க விடுங்க. இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. நானூறையும் பிடுங்கி முத்தத்துல போட்டு எரிச்சோம்.

அந்த மூலையில ஒரு ரோஜாத் தொட்டி வச்சிருந்தான். ஓட்டல மூடுற அன்னிக்கு, வாடிப்போயிருமேன்னு தூக்கிட்டு வந்தது. ரோஜாவுக்குப் பேன் பிடிக்கும்னு எவளோ சொன்னா. எனக்கு அது போதுமா இருந்துச்சு. நீ தொட்டது எதுடா வெளங்கிருக்கு, ஓட்டலு மூடிச்சு, பேசி வச்ச பொண்ணும் வேற எடம் போயிட்டா, இப்ப என் வீட்டுக்கும் கொண்டாந்துட்டன்னேன். பெத்தவ மாதிரி வளத்த வாயாலதான் சொன்னேன்.

தட்டக் கழுவிக்கிட்டு இருந்தவன் கழுவிக்கிட்டே இருந்தான். சரிக்கான்னான். அவ்வளவுதான்.

மூணாம் நாள் படுக்க காலி. பக்கத்து வீட்டு நாஸர்தான் வந்து சொன்னாரு, மொன்ஜியா, உன் தம்பி கடல் தாண்டிப் பொழைக்கப் போற கள்ளப் படகுல ஏறிட்டான்னு. முப்பத்தோரு பேரு. அந்தக் கரைக்கும் போய்ச் சேரல, இந்தக் கரையிலயும் ஒதுங்கல. ரெண்டு வருசம் ஆகுது. ஒடம்பு ஏதாச்சும் கெடச்சா ஒத்துப் பாக்கணும்னு என் எச்சில பஞ்சுல தொட்டு எடுத்துட்டுப் போனாங்க. இன்னும் ஒரு தகவலும் இல்ல. தொழுகையில அவன் பேரு வந்தா உசுரோட இருக்கவனுக்குக் கேக்குறதக் கேக்கவா, போனவனுக்குக் கேக்குறதக் கேக்கவான்னு தெரியல. ரெண்டையும் கேக்குறேன்.

உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க. நீங்க எதுக்கு அழுவுறீங்க.

விதின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கோவத்துல சொன்ன வார்த்ததானன்னு சொல்றாங்க. நானும் தலைய ஆட்டிக்கிறேன்.

இன்னொண்ணு இருக்கு, சொல்லிடுறேன். வேற யாரு தோட்டத்துக்காச்சும் போயிட்டு வந்தா அதே துணியோட இந்தச் செடிகிட்டப் போகாதீங்க. மாத்திட்டுப் போங்க, பேன் துணியில ஒட்டிக்கிட்டு வரும். அவன் போயி ஒரு வாரம் கழிச்சு விவசாய ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. ரோஜா இலைய ஒவ்வொண்ணா பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. ஒரு பேன் கூட இல்ல. அப்பறம் என்னக் கேட்டாரு, பகல்ல எங்கம்மா வேல பாக்குறீங்கன்னு. பிளாஸ்டிக் கொட்டாயில, வெள்ளரிக்கா பறிக்கிறேன்னேன். அங்கயிருந்து நேரா இந்த ரூம்புக்குத்தான் வருவீங்களான்னாரு. ஆமா, துணி கூட மாத்த மாட்டேன், செடியப் பாக்கணும்னு அவ்வளவு ஆசன்னேன். அவரு என் தலைத்துணியத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு.

அந்தப் பக்கம் பிடிங்க டீச்சர். மெதுவா, தட்டு கனமா இருக்கும்.