சுவத்துல மாட்டுன சளி

டப்பாவ அப்படி மேசை ஓரத்துல வைக்காதீங்கம்மா, கை பட்டு விழுந்துடும். இன்னிக்கு இன்னொன்னு என்னால கொண்டுவர முடியாது. இருங்க, உக்காந்துக்கறேன். மாடி ஏறுனா இப்படித்தான் மூச்சு வாங்கும்.

இந்த லேபுக்கு நீங்க புதுசா? முன்னாடி இருந்த பொண்ணு மூக்கச் சுளிக்காம வாங்கும். பரவால்ல, நீங்க சுளிச்சாலும் தப்பில்ல, எனக்கே குமட்டுது. ஊர்ல உள்ளவன் காலையில எந்திரிச்சா டீ குடிப்பான். நான் உங்களுக்காகக் காறிக் காறித் துப்பி டப்பாவுல புடிக்கறேன். கருமம்.

இதவிட அசிங்கம் கீழ வராந்தாவுல இருக்கு, பாத்தீங்களா? என் சளிய மைக்ராஸ்கோப்புல வெச்சு ஆளுயரத்துக்குப் படம் புடிச்சு சுவத்துல மாட்டியிருக்காங்க. வலை வலையா, ஊதா கலர்ல. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எல்லாரும் பிஸ்கட் திங்கறாங்க. உங்க பெரிய டாக்டர் ஒரு நாள் என் டப்பாவ வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, அருமை, இவ்வளவு கெட்டியா யாருக்கும் வராதுன்னாரு. என் வாழ்க்கையில என்னை ஒருத்தன் மெச்சுனது இதுக்குத்தான்.

எதுக்குன்னு தெரியும்மா, அவரே சொன்னாரு. சாதாரண மருந்து சளியிலயே ஒட்டிக்கிடுதாம், நுரையீரலுக்குள்ள போய்ச் சேர மாட்டேங்குதாம். அதனால தூசியவிடச் சின்ன உருண்டையில மருந்த அடைச்சு, மேல வழுக்கற மாதிரி எதையோ பூசி, மூச்சோட உறிஞ்ச வைக்கப் போறாங்க. நானோ மருந்தாம். அது கெட்டிச் சளியத் தாண்டுதான்னு பாக்கத்தான் என்னுது. மெத்தைக் கடையில காலம் பூரா பஞ்சுத் தூசிய உறிஞ்சி நான் இப்படி ஆனேன். இப்போ அதவிடப் பொடியா ஒண்ணு வந்து காப்பாத்துமாம்.

சரி, காப்பாத்தட்டும். ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்கப் போறோம்னதும் நானும் வர்றேன்னேன். உங்க நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு பெரியவரே, ஆரம்ப நிலையில உள்ளவங்களத்தான் சேத்துக்குவோம்னுட்டாரு. என் சளி வேணும், நான் வேணாம். தூ.

கோவம் இல்லம்மா, அருவருப்பு. இந்த இடத்து மேல, என் மேல, எல்லாத்து மேலயும். வீட்ல எம் பொண்ணு எனக்குன்னு தனி டம்ளர் வெச்சிருக்கா. அப்பா, வெளிய போய்த் துப்புங்கப்பா, காது குடுக்க முடியலம்பா. நான் படுத்ததுலேர்ந்து கடை அவ கையிலதான். பஞ்சு அடைக்கும்போது மூக்கக் கட்டிக்கன்னா, வேர்க்குதும்பா. எனக்கும் அப்படித்தான் வேர்த்துச்சு. கொஞ்ச நாளா குளிக்கற ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு ரொம்ப நேரம் நிக்கறா. தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. அந்த இருமல எனக்கா தெரியாது?

என்ன, இன்னிக்கு வெளுப்பா இருக்கா? கெட்டியும் இல்லையா? இருக்கும். சீட்டுல என் பேர எழுதிடாதீங்க, அது என்னுது இல்ல. அவகிட்ட கெஞ்சி வாங்குனது. சின்ன வயசு, ஆரம்ப நிலைதான். பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க. மொதல்ல அவளச் சேத்துக்கச் சொல்லுங்க, அப்புறம் நான் துப்பறேன்.