சத்தம் போடாதவங்க ஃப்ரிட்ஜ்

…அது என் தப்பு இல்லண்ணா, கம்ப்யூட்டர் தப்பு! உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேரை ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டுக்குங்க. இளையபெருமாள், சீயமங்கலம், சிங்கிள் டோரு, நீலக் கலரு. கரெக்டா? பாத்தீங்களா, பேரு கேக்காமயே சொல்லிட்டேன்!

வருதுண்ணா, சிஸ்டம் கொஞ்சம் சுத்துது. சுத்தட்டும். இந்த சாஃப்ட்வேர் வந்ததுல இருந்து எனக்கு இருக்குற டென்ஷன் இருக்குதே… முன்னல்லாம் லாரி வந்தா முதலாளி மூஞ்சி பாத்து குடுத்துடுவாரு, சண்டையும் அவரோட போயிடும். இப்ப அப்டியா? செஞ்சி வெயிலப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா, மூணு மலையும் அடுப்பு மாதிரி காயுது. ஊரே ஃப்ரிட்ஜ் கேக்குது. ஆர்டரு ஒரு பொதி, லாரியில வர்றது ரெண்டு, மூணு. அத யாரு முன்னாடி ஆர்டர் குடுத்தாங்களோ அவங்க பேர்ல கம்ப்யூட்டரே ஒதுக்கிடும். பேருக்கு நேரா பச்சை விழும். பாக்கவே அழகா இருக்கும்ணா! ஆனா நான் அத எடுத்து வேற ஒருத்தர் பேர்ல மாத்தலாம். ஒரே பட்டன்தான். இவங்க செவப்பு, அவங்க பச்சை. அந்த பட்டனாலதாண்ணா எனக்குக் கல்யாணமே!

ஆமாண்ணா, வர்ற வியாழக்கிழமை. அட, சிரிக்காதீங்க, கேளுங்க.

பங்குனி கடைசியில மேல்சித்தாமூர் பாண்டுரங்கன் வந்தாரு. புது வூடு கட்டி குடிபோறாரு. "எனக்கு இன்னிக்கே வேணும்"னு கத்துனாரு பாருங்க, ஷோரூம்ல டிவியெல்லாம் ம்யூட்டுல போட்ட மாதிரி ஆயிடுச்சி. முதலாளி என் காதுல வந்து, "கலைவாணி, சத்தம் போடாத பார்ட்டி யாருன்னு பாத்து மாத்தி வுடும்மா"ன்னாரு. நானும் பாத்தேன். தொண்டூரு எழிலன். போர் மோட்டார் ரிப்பேர் பண்றவரு. போன் பண்ணி, "சார், கம்பெனியில லேட்டு"ன்னு ஒரு பொய் சொன்னேன். இன்னா சொன்னாரு தெரியுமா? "பரவால்லீங்க மேடம், யாருக்கு அவசரமோ அவங்களுக்குக் குடுத்துடுங்க." அவ்ளோதான். போனே சுடல!

அடுத்த லாரி வந்துது. கம்ப்யூட்டரு ஒழுங்கா அவருக்கே ஒதுக்குச்சி. அன்னிக்குன்னு கோட்டை வாசல்ல கூல்டிரிங்ஸ் விக்கிற அம்மாக்கண்ணு அக்கா வந்து, கல்லாப்பெட்டி பக்கத்துலயே உக்காந்து அழுவுது. லீவு நாளு, மலை ஏறி எறங்குற ஜனமெல்லாம் ஜில்லுன்னு கேக்குதாம். மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் போனு. மறுபடியும் "பரவால்லீங்க." அண்ணா, எனக்குக் கோவம் வந்துடுச்சி! யாருண்ணா இப்டி இருப்பாங்க? திட்டணும்ல? திட்டுனா எனக்கு நிம்மதியா சோறு எறங்கும்ல?

மூணாவது லாரியிலயும் அவரோடத வேற ஆளுக்கு மாத்திட்டு போன் பண்ணும்போது என் குரலே ஒரு மாதிரி ஆயிடுச்சி. பாதியிலயே போனை வச்சிட்டாரு. சரி, இன்னிக்குக் கடைக்கே வந்து ஆடப்போறாருன்னு நெனச்சேன். வந்தாரு. கையெல்லாம் கிரீஸு. இதோ நீங்க உக்காந்திருக்குற எடத்துலதான் நின்னாரு. "மேடம், நீங்க அழுவுற மாதிரி பேசுனீங்க. என்னால உங்களுக்குத் தொல்லை வேணாம், ஆர்டரைக் கேன்சல் பண்ணிடுங்க, அட்வான்ஸு மெதுவா வாங்கிக்கிறேன்." அட கடவுளே! நான் கேன்சல் பட்டனை அமுக்கிட்டு, அவர் போற வரைக்கும் மானிட்டருக்குப் பின்னாடியே ஒளிஞ்சிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் நானே போன் பண்ணேன். எங்க வூட்டு மோட்டார் ரிப்பேருன்னு. எங்க வூட்ல மோட்டாரே இல்லண்ணா! அவரு ஸ்பேனரெல்லாம் தூக்கினு வந்து நிக்கிறாரு, எங்கம்மா என்னைப் பாக்குது, அவரைப் பாக்குது… டீ குடுத்துச்சி. முடிஞ்சிபோச்சி! ரெண்டு வூட்லயும் பேசி, வைகாசியில முகூர்த்தம் குறிச்சிட்டாங்க.

சிஸ்டமா? ஆங்… இன்னும் சுத்துதுண்ணா.

சரி, சொல்லிடுறேன். கல்யாணத்துக்குள்ள அவருக்கு ஒரு ஃப்ரிட்ஜு கெடைக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? அவர் பேர்ல திரும்ப ஆர்டர் போட்டேன். புது ஆர்டருன்னா கடைசியிலதான நிக்கும்? இன்னிக்குக் காலையில லாரியில வந்தது ஒண்ணே ஒண்ணு, நீலக் கலரு. கம்ப்யூட்டரு ஒதுக்குனது… உங்களுக்குதாண்ணா. நீங்க ஒரு நாளு கூட சத்தம் போட்டதில்ல பாருங்க. இப்பக்கூட எப்டி அமைதியா உக்காந்திருக்கீங்க! அந்தத் தைரியத்துல… பட்டனை அமுக்கிட்டேன். டிரைவர் தனகோட்டி வண்டியில ஏத்தினு தொண்டூருக்குப் போயிட்டான். அடுத்த லாரியில நீங்கதான் மொத ஆளு, சத்தியமா!

இன்னாண்ணா? சத்தமா சொல்லுங்க… வூட்ல அக்காவுக்கு சுகரு ஊசியா? மருந்து பக்கத்து வூட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்குதா? அவங்களும் காலி பண்ணினு போறாங்களா?

ஐயையோ. இத ஏண்ணா முன்னாடியே சொல்லல? …நான் எங்க கேட்டேன். ஆமா. நான் கேக்கவே இல்ல. கத்துறவங்களைப் பாத்தே பழகிட்டேண்ணா.

இருங்க, இருங்க, எழுந்துக்காதீங்க. இதோ போன் போடுறேன். அவரு குடுத்துடுவாரு, கண்டிப்பா குடுத்துடுவாரு… ஹலோ? நான்தான். அந்த ஃப்ரிட்ஜைப் பிரிச்சிட்டீங்களா? பிரிக்காதீங்க, நான் ஒரு தப்பு… இன்னாது? வூட்லயே எறக்கலயா? தனகோட்டி உளறிட்டானா? "கலைவாணி அக்கா சீயமங்கலத்துக்காரரு பேர்ல இருந்து எடுத்து உங்களுக்குப் போட்டுடுச்சி"ன்னா? சரி, அதுக்கு நீங்க?

திருப்பி அனுப்பிட்டீங்களா! சீயமங்கலத்துக்கேவா? எப்ப? …தேசூரே தாண்டியிருப்பானா?

அண்ணா, உங்க வூட்டுக்குப் போயினு இருக்குதுண்ணா! ஓடுங்க, வூட்ல ஆள் இல்லன்னா அந்தத் தனகோட்டி வாசல்ல வச்சிட்டு வந்துடுவான்! அக்காவை நான் கேட்டேன்னு சொல்லுங்க!

…ஹலோ, இன்னா சிரிப்பு? எனக்கு ஒரு வார்த்தை போன் பண்ணலாம்ல? நானு இங்க ஒரு மணி நேரமா அந்த மனுஷனை உக்கார வச்சி… கோவமா? ஆமா, கோவம்தான்! …இல்ல. இல்லவே இல்ல. அழுவல, வேர்வை. வியாழக்கிழமை தாலியையாவது என் கழுத்துலயே கட்டுங்க, பந்தல்ல யாராவது அவசரம்னு வந்து நிக்கப் போறாங்க!

ஒரு நிமிஷம், லைன்ல இருங்க. அண்ணா! அண்ணோவ்! அது திருவண்ணாமலை பஸ்ஸுண்ணா, ஏறாதீங்க! சீயமங்கலம் போற தேசூர் வண்டி இந்தப் பக்கம்!